துடைத்து வைத்த மோட்டார் சைக்கிள்

பழைய மோட்டார் சைக்கிள்களைப் பார்த்து, இது அசல், இது ஒட்டுப்போட்டது என்று எழுதிக் கொடுப்பதுதான் என் தொழிலாக இருந்தது. சிட்னியில் ஓர் ஏல நிறுவனத்தில் பதினெட்டு வருடம் அதைச் செய்தேன். இப்போது ஓய்வு. அதே வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் மூன்று பேர் நம்முடைய தமிழ்ப் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். அவர்களில் ஒருத்தி ஃபோன் எடுத்து, "அங்கிள், உங்கடை எக்ஸ்பீரியன்ஸை எங்களுக்கு எழுதித் தாங்கோவன்" என்று கேட்டாள். அவள் எதிர்பார்த்தது சாதனைகளை. அவை நிறுவனத்தின் வரவேற்பறைச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகின்றன, வேண்டியவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் எண்ணை எப்படிப் படிப்பது, பெயின்ட்டின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு அங்கேயே சொல்லித் தருவார்கள். அவற்றில் நான் கெட்டிக்காரன்தான். அந்தக் கெட்டித்தனத்தை வைத்துக்கொண்டே ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்தேன். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம், என் பழைய மேலாளர் படித்துவிட்டுத் திருத்த வரமாட்டார் என்பதே.

அமெரிக்க மோட்டார் சைக்கிள் என்றதும் உங்களுக்குத் தோல் ஜாக்கெட்டும் தாடியும் நினைவுக்கு வரும். அது பின்னால் போட்ட வேஷம். நான் சொல்வது அதற்கு முந்திய வண்டிகளை. அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகளில் எங்கள் தொழிலுக்கு இரண்டு ஊர்கள்தான் கணக்கு: மில்வாக்கி, ஸ்பிரிங்ஃபீல்ட். கம்பெனிப் பெயரைச் சொல்லாமல் ஊரின் பெயரைச் சொல்லித்தான் பேசிக்கொள்வோம். ஸ்பிரிங்ஃபீல்ட் வண்டிதான் பார்க்க அழகு, மட்காட் பாவாடை மாதிரி இறங்கியிருக்கும். போருக்குப் பிறகு சில வருடங்களில் அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மில்வாக்கி தப்பிப் பிழைத்தது. யாழ்ப்பாணத்தில் நான் திருத்திப் பழகிய ஆங்கிலேய வண்டிகள் ஒழுங்கான தெருவுக்குச் செய்தவை. அமெரிக்கர்கள் தெருவே இல்லாத தூரங்களுக்குச் செய்தார்கள். பெரிய எஞ்சின், மெதுவான ஓட்டம், அகலமான இருக்கை. அவுஸ்திரேலியாவும் அதே மாதிரித் தூரங்கள் உள்ள நாடு என்பதால் அவை இங்கே சுலபமாக ஒட்டிக்கொண்டன.

பிறகு உலகப் போர் வந்தது. இராணுவத்துக்கென்று பச்சை பூசிய மில்வாக்கி வண்டிகள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்து இறங்கின. போர் முடிந்ததும் அரசாங்கம் அவற்றை விற்றுத் தள்ளியது. வாங்கியவர்கள் பெரிய ஆட்கள் இல்லை. ஆட்டுப் பண்ணைக்காரர்கள், ரயில்வே தொழிலாளிகள், போரிலிருந்து திரும்பி வந்த பெடியங்கள். அவர்கள் அதில்தான் வேலைக்குப் போனார்கள், அதில்தான் பெண் பார்த்தார்கள். வேகம் போகாது, ஆனால் சாகவும் சாகாது. வெட்ட வெளியில் நின்றுவிட்டாலும் ஒரு ஸ்பானரும் துண்டுக் கம்பியும் இருந்தால் வீடு வந்து சேரலாம். அதன் சத்தத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு சிலிண்டரும் சம இடைவெளியில் வெடிப்பதில்லை. ஒரே உரலில் இரண்டு பேர் மாறி மாறி இடிக்கும்போது ஒருத்தி பேச்சுப் பராக்கில் சற்றுப் பிந்தினால் எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்கும். எண்பது வயது மனிதர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏலக் கூடத்தில் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வண்டிகளின் இரும்புச் சட்டத்தில், அதாவது ஃபிரேமில், எண் கிடையாது. எஞ்சினின் இடது பக்கத்தில் தொழிற்சாலை அடித்த எண்தான் வண்டிக்குப் பெயர், பிறப்புப் பத்திரம் எல்லாம். அந்த எண்ணில் யாராவது கை வைத்திருந்தால் எங்கள் தொழிலில் அந்த வண்டிக்கு மரியாதை போய்விடும்.

ஏல நிறுவனத்துக்கு வருமுன் பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் வேலை செய்தேன். முதலாளி ஒரு வெள்ளைக்காரப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர். தகப்பனிடமிருந்து பட்டறை கைக்கு வந்திருந்தது. முதல் நாள் நான் ஒரு மணி நேரம் முந்திப் போனேன். மூலையில் ஒரு ஸ்பிரிங்ஃபீல்ட் வண்டி தூசியும் எண்ணெயுமாக நின்றது. புது ஆள் சும்மா நிற்கிறான் என்று யாரும் நினைக்கக்கூடாதே என்று மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துப் பெட்ரோல் தாங்கியைப் பளபளவென்று துடைத்து வைத்தேன். அந்தத் துணியோடு போருக்கு முன் கையால் எழுதிய பொன் எழுத்துகளும் போய்விட்டன.

முதலாளி வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று மட்டும் கேட்டார். எங்கள் ஊரில் ஒரு சாமானை இன்னொருவருக்குக் காட்டுவதென்றால் துடைத்துத்தான் காட்டுவோம், அது மரியாதை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "இங்கே அழுக்குத்தான் சாட்சி. இனிமேல் என்னைக் கேட்காமல் எதையும் தொடாதே" என்றார். அன்று பின்னேரம் வண்டியின் சொந்தக்காரர் வந்து கத்தியபோது, பிழை தன்னுடையது என்று சொல்லித் திட்டு முழுவதையும் அவரே வாங்கிக்கொண்டார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எட்டு வருடம் அவரிடம் வேலை செய்தேன், ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

இதை நினைவில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள்.

சிட்னியின் புறநகரான டூங்கபியில் நிர்மலா என்று ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், யாழ்ப்பாணம்தான். வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, மருந்து கொடுத்துப் பராமரிக்கும் வேலை. கணவர் பஸ் ஓட்டுகிறார். பக்கத்து வீட்டில் ரொன் என்று ஒரு கிழவர் தனியாக இருந்தார். அவர் நிர்மலாவின் வேலைப் பட்டியலில் இருந்தவர் இல்லை, வெறும் அயலவர். போர் முடிந்த கையோடு வாங்கிய மில்வாக்கி இராணுவ வண்டி ஒன்றைச் சாகும் வரை கொட்டகையில் வைத்திருந்தார். செத்த பிறகு பார்த்தால், அந்த வண்டி நிர்மலாவுக்கு என்று கையால் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார்.

ரொனுக்கு ஒரு மருமகன், அக்காவின் மகன். வருடத்தில் ஒரு தரம் கிறிஸ்மஸுக்கு வருவாராம். வண்டியில் இருப்பது மாமாவின் அசல் எஞ்சின் இல்லை, கொட்டகைச் சாவி நிர்மலாவிடம் இருந்தது, பஸ்காரக் கணவருக்கு எஞ்சின் வேலை தெரியும், அசலைக் கழற்றி விற்றுவிட்டு வேறு எஞ்சினில் அதே எண்ணை அடித்துப் பூட்டிவிட்டார்கள் என்று அவர் பொலிஸில் முறைப்பாடு செய்தார். வயதானவர்களைப் பராமரிக்கும் பெண், வயதான அயலவரின் சொத்தைத் திருடினாள் என்ற பேச்சு நிர்மலாவின் வேலைத்தலத்துக்கும் போய்விட்டது. விசாரணை முடியும் வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். எண் தொழிற்சாலை அடித்ததா, புதிதாக அடித்ததா என்று பார்த்துச் சொல்லும்படி பொலிஸ் கேட்க, ஏல நிறுவனம் என்னை அனுப்பியது. நான் எழுதப்போகும் ஒரு பக்கத்தில்தான் அவருடைய வேலை தொங்கிக்கொண்டிருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை காலை போனேன். நிர்மலா வாசலிலேயே நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணை, நீங்கள் தமிழோ? கடவுளே, இப்பதான் எனக்கு மூச்சு வருகுது. வாங்கோ, வாங்கோ. தேத்தண்ணி போட்டு வாறன். வடையும் சுட்டு வைச்சிருக்கிறன்."

மருமகன் காரில் சாய்ந்துகொண்டு நின்றார். "நீங்கள் இரண்டு பேரும் சொந்தமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

அந்த ஒரு கேள்வியோடு நான் வேறு ஆளாகிவிட்டேன். நம்மவர் என்பதால் சாய்ந்துவிட்டான் என்று யாரும் சொல்லக்கூடாது என்ற பயம் பிடித்துக்கொண்டது. பதினைந்து வருடம் இந்த நாட்டில் நேர்மையானவன் என்று பெயர் எடுத்திருந்தேன், அது ஒரு தட்டு வடையோடு போய்விடுமோ என்று நினைத்தேன். தேநீர் வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன். அவரோ விடாமல் தமிழிலேயே பேசினார்.

கொட்டகைக் கதவைத் திறந்தார். வண்டி கண்ணாடி மாதிரி மின்னியது. எஞ்சின், எண் இருக்கும் இடம், எல்லாவற்றையும் பாத்திரம் தேய்க்கும் கம்பித் தும்பால் தேய்த்து வைத்திருந்தார். முன் விளக்கில் ஒரு சந்தனப் பொட்டு.

"நேற்று முழுக்கத் தேய்ச்சனான் அண்ணை. பெரிய ஆள் ஒருத்தர் பாக்க வாறார் எண்டு சொன்னவை. ஊத்தையோடை காட்டலாமோ?"

பழைய பெயின்ட், எண்ணெய்ப் பிசுக்கு, துரு எல்லாம் போயிருந்தது. வெறும் உலோகத்தில் எண்கள் நேற்று அடித்தவை மாதிரித் தெரிந்தன. தொழிற்சாலையின் எழுத்து வடிவம் இல்லை என்பது பார்த்ததுமே புரிந்தது. யாரோ கையால் ஒவ்வொன்றாக அடித்தவை. ஏழு மட்டும் கோணலாக ஒரு பக்கம் சரிந்திருந்தது.

மருமகன் எட்டிப் பார்த்து, "பார்த்தீர்களா? தடயத்தை அழித்திருக்கிறார்கள்" என்றார்.

"அவர் என்ன சொல்லுறார் அண்ணை?" என்று நிர்மலா கேட்டார். ஆங்கிலம் விளங்காமல் இல்லை. நான் என்ன சொல்வேன் என்று பார்ப்பதற்காகக் கேட்டார். நான் குனிந்து எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

அவர் ரொனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். "நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த புதிசிலை இதின்ரை சத்தம் கேட்டு நான் கட்டிலுக்குக் கீழை போனனான். அதை அவருக்கு ஆரோ சொல்லிப்போட்டினம். அண்டையிலையிருந்து ஸ்டார்ட் பண்ண முதல் வேலியிலை மூண்டு தரம் தட்டுவார், பயப்பிடாதை எண்டு. பிறகு அவருக்குக் கால் ஏலாமப் போச்சு. ஞாயிற்றுக்கிழமையிலை நான்தான் ஸ்டார்ட் பண்ணிறனான். ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டோ அண்ணை? ரெண்டு உதையிலை வரும்."

இந்த வண்டிகள் தெரிந்தவர்களுக்குத்தான் இரண்டு உதையில் உயிர் வரும். தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ள வேண்டும், எத்தனை தரம் சும்மா உதைப்பது என்ற கணக்கு இருக்கிறது. எஞ்சினை மாற்றிப் பூட்டியவனுக்கு அந்த எஞ்சினோடு அவ்வளவு பழக்கம் வந்திராது. ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப் பார்த்திருந்தால் நான் நிறைய விளங்கிக்கொண்டிருப்பேன்.

"தேவையில்லை" என்றேன், ஆங்கிலத்தில்.

இன்னொன்றும் செய்திருக்கலாம். வண்டியைத் தூக்கி எஞ்சினின் அடிப்பக்கத்தைப் பார்த்திருக்கலாம். அங்கேயும் எண்கள் இருக்கும் என்பது இந்தத் தொழிலில் ஒரு வாரம் இருந்தவருக்குத் தெரியும். தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். மருமகனை ஒரு கை பிடிக்கச் சொன்னால் நான் நிர்மலாவைக் காப்பாற்ற வழி தேடுகிறேன் என்று நினைப்பாரோ என்று விட்டுவிட்டேன். இருபது நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்டு புறப்பட்டேன். நிர்மலா வடையைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து கார்க் கண்ணாடியில் தட்டினார். நான் கண்ணாடியை இறக்கவில்லை.

அறிக்கையில் எழுதினேன்: எண் தொழிற்சாலை அடித்தது அல்ல, கையால் அடிக்கப்பட்டது. அதுவரை உண்மைதான். அதற்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தேன்: அண்மையில். அண்மையில் கையால் அடிக்கப்பட்டது. அந்தச் சொல்லுக்கு என்னிடம் எந்த ஆதாரமும் இருக்கவில்லை. பளபளப்பைத் தவிர வேறு ஒன்றையும் நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லை எழுதியதும், எவ்வளவு நடுநிலையான மனிதன் நான் என்று எனக்கு ஒரு திருப்தி வந்தது. அதை இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பொலிஸ் நிர்மலாவை இரண்டு தரம் கூப்பிட்டு விசாரித்தது. வழக்கு ஒன்றும் போடவில்லை. ஆனால் வண்டியை மருமகனிடம் விட்டுக்கொடுத்தால் பிரச்சினை முடியும் என்று யாரோ சொல்ல, அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி எடுத்துக்கொண்டு வேலைத்தலம் அவரைத் திருப்பிக் கூப்பிடவில்லை. கிரவீனிலும் பெண்டில் ஹில்லிலும் நம்மவர்கள் நாலு பேர் கூடும் இடமெல்லாம் கதை போனது. "தமிழ் ஆள் ஒருத்தரே பாத்துச் சொன்னவராம், பிறகென்ன?" என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். நான் வெள்ளைக்காரனாக இருந்திருந்தால் நிர்மலாவுக்குக் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

மூன்று வருடம் கழித்து மருமகன் அதே வண்டியை எங்கள் ஏலத்துக்கே கொண்டுவந்தார். பட்டியல் எழுதுவதற்காக, வண்டி தூக்கும் லிஃப்டில் ஏற்றினோம். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். எஞ்சினின் அடிப்பக்கம் விரல் கனத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு இறுகிக் கிடந்தது. நிர்மலாவால் தூக்க முடியாததால் அவர் தேய்க்காத ஒரே இடம் அது. மெதுவாகச் சுரண்டினேன். பிசுக்குக்குக் கீழே பழைய இராணுவப் பச்சை பெயின்ட் உடையாமல் இருந்தது. அந்தப் பெயின்ட்டுக்குள் அதே எண், அதே கையால் அடித்தது. அதே கோணல் ஏழு.

போர்க்காலத்தில் எஞ்சினின் உடல் வெடித்துப்போனால், தொழிற்சாலையிலிருந்து எண் இல்லாத வெற்று உடல் வரும். இராணுவப் பட்டறையில் ஒரு சிப்பாய் பழைய எண்ணைத் தன் கையால் அடித்து, மேலே பச்சையைப் பூசி அனுப்புவான். இது எனக்கு முதலிலேயே தெரிந்த விஷயம். புத்தகத்தில் படித்து மற்றவர்களுக்கு வகுப்பும் எடுத்திருக்கிறேன். ரொன் அந்த வண்டியை வாங்கும்போதே அந்தக் கோணல் ஏழு அதில் இருந்திருக்கிறது. நிர்மலா அப்போது பிறக்கக்கூட இல்லை.

எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு மேலாளரிடம் ஓடினேன். அவர் முழுவதையும் கேட்டார். "பழைய அறிக்கையைத் தொடாதே. ஒன்று பிழை என்றால் எல்லாவற்றையும் சந்தேகிப்பார்கள். புதியதில் சரியாக எழுது" என்றார். எழுதினேன். போர்க்காலத்தில் இராணுவப் பட்டறையிலேயே எண் அடிக்கப்பட்ட, அபூர்வமான வரலாறு கொண்ட வண்டி என்று பட்டியலில் வந்தது. நிர்மலாவைக் கள்ளியாக்கிய அதே எண் மருமகனுக்குப் பெருமையாகிவிட்டது. மெல்பேர்னில் ஒருவர் வாங்கித் தன் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தியிருக்கிறார். எஞ்சினுக்குள் எண்ணெய்கூட இல்லையாம்.

பழைய அறிக்கை பிழை என்று என் சொந்தப் பெயரில் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு டூங்கபிக்குப் போனேன். நிர்மலா என்னை அடையாளம் கண்டுகொண்டார். கதவைச் சாத்தவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. குசினியில் கதிரை இழுத்துப் போட்டார். மரக்கறி பொதி செய்யும் இடம் ஒன்றில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், விரல்களில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"இதை நான் இப்ப ஆருக்குக் காட்டுறது அண்ணை?"

"உங்கடை பழைய வேலைத்தலத்துக்கு நானே அனுப்புறன்" என்றேன். இந்த முறை தமிழ் வந்தது.

"அங்கை என்னைத் தெரிஞ்ச ஒருத்தரும் இப்ப இல்லை" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போட்டார். நான் குடித்தேன். கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். பிறகு கேட்டார்:

"ஒண்டு கேக்கிறன், உண்மை சொல்லுங்கோ. நான் அண்டைக்கு அதைத் தேய்க்காமல் விட்டிருந்தால் நீங்கள் என்னை நம்பியிருப்பியளோ?"

"ஓம்" என்றேன்.

"அப்ப பிழை என்ரைதான்" என்றார். ஆறுதல் அடைந்த மாதிரி தலையை ஆட்டினார். பிழை எங்கே என்று தெரியாமல் மூன்று வருடம் தேடியிருக்கிறார், நான் அதை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டேன். கோப்பையைக் கழுவித் தருகிறேன் என்று எழுந்தேன், விடவில்லை.

நான் சொன்னது பொய். தேய்த்த வண்டியைப் பார்த்ததுமே அவர் ஏன் தேய்த்தார் என்று எனக்குத் தெரியும். இந்த நாட்டில், இந்த நகரத்தில் அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே நிபுணன் நான்தான். முதல் நாளே ஒரு வண்டியைத் துடைத்துப் பாழாக்கியவன் நான், என்னை ஒரு வெள்ளைக்காரப் பெண் முன்னால் நின்று காப்பாற்றினார். நான் வண்டியைத் தூக்கிப் பார்க்காமல் விட்டதற்கு நிர்மலாவின் கம்பித் தும்பு காரணம் இல்லை. சொந்தமா என்று ஒருவன் சிரித்துக்கொண்டு கேட்டதுதான் காரணம். உங்களிடமும் ஒரு நாள் யாராவது அப்படிக் கேட்பார்கள். அப்போது, இல்லை என்று சொல்லிவிட்டு வண்டியைத் தூக்கிப் பாருங்கள். வடையையும் சாப்பிடுங்கள்.

என் கடிதத்துக்கு அந்த வேலைத்தலத்திலிருந்து, கிடைத்தது என்று இரண்டு வரி வந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

போன மாதம் பரமட்டா ஸ்டேஷனில் நிர்மலாவைக் கண்டேன். வீட்டை விற்கப் போகிறார்களாம், மதிப்புப் போட அடுத்த நாள் ஆள் வருகிறாராம். அப்படியென்றால் வீட்டில் நிறைய வேலை இருக்குமே என்று, வேறு பேச்சு இல்லாமல், சொல்லி வைத்தேன்.

"ஒரு வேலையும் இல்லை அண்ணை" என்று சிரித்தார். "இப்ப ஆரும் பாக்க வாறதெண்டால் நான் ஒண்டையும் துடைக்கிறேல்லை. கூட்டுறதும் இல்லை. அப்பிடியே விட்டிடுவன். நீங்கள்தானே சொன்னனீங்கள்."

நானும் சேர்ந்து சிரித்தேன். அவருடைய ரயில் வந்தது. போட்டு வாறன் என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.